பெயர் வேறு, அச்சு ஒன்று: யஷிக்கா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000, நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

நேற்றுத்தான் என் யஷிக்கா பிலிம் கமராவின் பின்கதவில் ஒளி புகாமல் தடுக்கிற பஞ்சை இரண்டாவது தடவையாக மாற்றி முடித்தேன். நகத்துக்குள் ஏறிய கறுப்புக் களி இன்னும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி வந்தது: "அண்ணை, நிக்கோன் எஃப்எம்10 ஒண்டு விலைக்கு வந்திருக்கு. அதிண்ட பாதி விலைக்கு யஷிக்கா எஃப்எக்ஸ்-3 ஒண்டும் கிடக்கு. நிக்கோனைத்தானே எடுக்கிறது?"

இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்தவை, தம்பி. மேலே அடித்திருக்கிற பெயர்தான் வேறு.

ஜப்பானின் நகானோ மாகாணத்தில் 1959இல் தொடங்கிய கொசினா, தன் பெயரில் சிரி-1 என்றொரு எளிய எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாக வருகிற விம்பத்தையே கண்ணாடியில் பார்த்து எடுக்கிற கமரா) வரிசையைச் செய்தது. பெரும்பாலும் அதே உள்வேலையை வைத்து மற்றவர்களுக்கும் செய்து கொடுத்தது. யஷிக்காவுக்கு 1979இல் எஃப்எக்ஸ்-3, கனொனுக்கு 1990இல் ரி60, நிக்கோனுக்கு 1995இல் எஃப்எம்10, ஒலிம்பஸுக்கு 1997இல் ஓஎம்-2000. விவிற்றார், ரிக்கோ, மிராண்டா பெயர்களிலும் இதே குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. 90களில் பெரிய நிறுவனங்களின் கவனமெல்லாம் ஓட்டோபோகஸ் கமராக்களில் இருந்தது. படம் பிடிக்கப் பழகுகிற மாணவர்களுக்கு மலிவாக ஒரு கமரா வேண்டும், ஆனால் அதற்கென்று தனி உற்பத்தி வரிசை வைக்க அவர்களுக்குக் கட்டாது. கொசினாவிடம் கொடுத்தார்கள்.

எஃப்எம்10ஐ எஃப்எம்2இன் தம்பி என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எஃப்எம்2 நிக்கோன் தானே செய்தது, ஷட்டர் 1/4000 செக்கன் வரை போகும். எஃப்எம்10 அப்படியல்ல. ஒலிம்பஸிலும் இதை ஒரு பார்வையில் பிடிக்கலாம்: ஓஎம்-1இல் ஷட்டர் வேகம் லென்ஸ் பூட்டுகிற இடத்தைச் சுற்றி வளையமாக இருக்கும், ஓஎம்-2000இல் மேல்மூடியில் குமிழாக இருக்கும். குமிழைக் கண்டால் அது கொசினா.

எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000, எஃப்எம்10, ஓஎம்-2000 மூன்றிலும் ஷட்டர் நிலைக்குத்தாக ஓடுகிற உலோகத் தகடு. 1 செக்கனிலிருந்து 1/2000 வரை, பிளாஷுக்கு 1/125. பழைய எஃப்எக்ஸ்-3 மட்டும் 1/1000உடன் நின்றுவிடும். ஆனால் லென்ஸ் பூட்டுகிற முன்பக்கம் ஒன்றல்ல. லென்ஸ் வளையத்திலிருந்து பிலிம் தளம் வரையான தூரம் நிக்கோனுக்கு 46.5 மி.மீ., ஒலிம்பஸுக்கு 46, யஷிக்காவுக்கு 45.5, கனொனின் பழைய எஃப்டி வளையத்துக்கு 42. "வளையத்தைக் கழற்றி மாத்தினா உங்கட லென்ஸ் பூட்டலாம்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அரை மில்லிமீற்றர் பிழைத்தாலே தூரத்துப் பனையில் போகஸ் நிற்காது.

ரி60 பெயரளவில் இந்தக் குடும்பம்தான், ஆனால் அதன் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவது. நிக்கோன் எஃப்இ10ம் அப்படியே. பற்றரி போனால் இரண்டும் பேப்பருக்குப் பாரம் வைக்கத்தான் உதவும். எஃப்எக்ஸ்-3இலும் எஃப்எம்10இலும் எல்லா வேகமும் பற்றரி இல்லாமலே அடிக்கும். எல்ஆர்44 பொத்தான் பற்றரி இரண்டு போடுவது ஒளிமானிக்கு மட்டும். 90களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பற்றரியும் கொண்டுவரக்கூடாத பொருளாக இருந்தது. அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு, பற்றரி கேட்காத கமரா என்றால் என்னவென்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்தக் கமராவில் மிகவும் பிடித்தது வியூபைண்டருக்குள் எரிகிற மூன்று சின்ன லைற். ஒளி கூட, சரி, குறைய, அவ்வளவுதான்; சரி என்றால் பச்சை. முள் ஆடுகிற ஒளிமானி இருட்டினால் கண்ணுக்குத் தெரியாது. இது தெரியும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கல் இரவில், அடுப்பு வெளிச்சத்தில் முகங்களை எடுக்கிறபோது அந்தப் பச்சை லைற் எவ்வளவு பெரிய உதவி என்பது பாவித்தவர்களுக்குத் தெரியும். உடம்பு 450 கிராம் அளவுதான், நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் நோகாது. யஷிக்காவின் எம்எல் 50 மி.மீ. லென்ஸைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. கொன்ராக்ஸ் கமராக்களுக்கென்று வந்த, பெயர்பெற்ற ஸைஸ் லென்ஸும் இதில் அப்படியே பூட்டும். இந்த விலைக்கு அது பெரிய வசதி.

ஒளிமானியை மட்டும் கண்ணை மூடி நம்பக்கூடாது. நடுப்பகுதிக்கு அதிக இடம் கொடுத்து அளக்கிற சாதாரண ஒளிமானி இது. நந்திக்கடல் கரையில் தண்ணீரும் மணலும் பளிச்சிடும் நேரம் பச்சை லைற் எரிந்தாலும் முகம் கறுத்துப்போகும். லென்ஸ் துளையை ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்ரொப் (ஒரு ஸ்ரொப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) திறக்கவேண்டும். ஒளிமானி சரியா என்று பார்க்க, மதிய வெயிலில் ஐஎஸ்ஓ 200 வைத்து, எஃப்/16, 1/250 போட்டு, வெயில் விழுகிற புல்லைப் பாருங்கள். பச்சை எரியவேண்டும். ஒரு ஸ்ரொப் பிழைத்தால் ஐஎஸ்ஓ குமிழைத் திருப்பி அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். எல்ஆர்44ஐ விட எஸ்ஆர்44 நல்லது, தேயத் தேய வோல்ற்றேஜ் அவ்வளவாக இறங்காது. கமராவைப் பாவிக்காத மாதங்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கசிந்து பச்சை பூத்துவிட்டால் கொட்டன் பட்டில் ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி தொட்டுத் துடைத்து, பிறகு அல்ககோலால் துடைத்துக் காயவிடவேண்டும்.

இனிப் பஞ்சு. இதைப் பற்றிப் பொறுமையாக எழுதுவது கஷ்டம்.

பின்கதவு மூடுகிற கால்வாயிலும், பிணைச்சல் பக்கத்திலும், மேலே எழும்புகிற கண்ணாடி வந்து முட்டுகிற இடத்திலும் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கும். பொலியூரெத்தேன் பஞ்சு. ஈரப்பதனும் சூடும் சேர்ந்தால் அது தானாகவே சிதைந்து, முதலில் பொடியாகி, பிறகு தார்போல இளகும். கார்த்திகை, மார்கழி மழை ஈரத்தை ஏற்றும். சித்திரை வெயில் அதை அவித்து எடுக்கும். இதைவிட மோசமான ஊர் இந்தப் பஞ்சுக்கு வேண்டியதில்லை. நியாயமாகச் சொன்னால் 70களிலும் 80களிலும் ஏறக்குறைய எல்லா நிறுவனமும் இதையே ஒட்டின. ஆனால் அதற்கு முந்திய கமராக்கள் பலவற்றில் நூலும் வெல்வெற்றும் வைத்த கால்வாய்கள் இருந்தன. அவை இன்றும் ஒளியைத் தடுக்கின்றன. கையிலிருந்த நல்ல வழியை விட்டுவிட்டு, ஒட்ட இலகுவானது என்று பஞ்சுக்குப் போனார்களே, அதுதான் கோபம்.

களி கதவில் மட்டும் நின்றால் பரவாயில்லை. கண்ணாடிக்கு மேலே உள்ள பஞ்சு இளகினால், எழும்பின கண்ணாடி அதில் ஒட்டிக் கீழே இறங்காது. ஷட்டர் தகட்டில் ஒரு துளி பட்டால் தகடு பிந்தும். அதை ஷட்டர் பழுது என்று சொல்லிக் கமராவையே எறியச் சொல்கிற திருத்துநர்களும் உண்டு. எறிய முன்னர் கண்ணாடிப் பெட்டியின் மேல்விளிம்பை ஒருக்கால் பாருங்கள்.

ஒளி கசிகிறதா என்பதைப் பிலிமே சொல்லும். பிணைச்சல் பக்கத்துக் கசிவு, படத்தின் இடது ஓரத்தில் செம்மஞ்சள் தீற்றலாக விழும். விம்பம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் பிலிமில் விழுவதால், பின்னாலிருந்து பார்க்க வலப்பக்கம் இருக்கிற பிணைச்சல் படத்தில் இடப்பக்கம் வரும். நீளவாக்கு ஓரத்தில் தீற்றல் என்றால் மேல் அல்லது கீழ்க் கால்வாய்.

மாற்றுகிற விதம் இது. ஷட்டர் வாயைச் சுற்றிக் கடதாசி மறைப்பு ஒன்றை, ஒட்டு குறைந்த பேப்பர் ரேப்பால் நான்கு மூலையிலும் பிடிக்கவேண்டும். ரேப் தகட்டில் படக்கூடாது. கமராவின் திறந்த பக்கம் நிலத்தைப் பார்க்கும்படி சரித்துப் பிடித்தால் சுரண்டுகிற களி உள்ளே போகாமல் வெளியே விழும். தென்னை ஈர்க்கின் நுனியை உளிபோலச் சீவி முதலில் காய்ந்தபடியே சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம், கறுப்புப் பூச்சு போனால் அதுவே ஒளியைத் தெறிக்கவைக்கும். மிஞ்சுவதற்குப் பாமசியில் எடுத்த ஐசோபுரோபைல் அல்ககோல். கொட்டன் பட்டைத் தோய்த்துப் பிழிந்தபின் துடையுங்கள், சொட்டக்கூடாது. தின்னர் தொடவே வேண்டாம், பிளாஸ்ரிக் உருகும்.

கால்வாய்க்கு மறுபடி பஞ்சு வைப்பது வீண்வேலை. கறுப்புக் கம்பளி நூல் போதும். மேலுக்கும் கீழுக்கும் 15 செ.மீ. அளவில் ஒவ்வொரு துண்டு வெட்டி, கால்வாயில் அங்கங்கே புள்ளியாகக் கம் வைத்து, ஈர்க்கின் மொட்டைப் பக்கத்தால் அழுத்தி இறக்கலாம். கதவு பூட்டும்போது இலேசான எதிர்ப்பு இருக்கவேண்டும். இறுக்கி அமத்தினால்தான் பூட்டும் என்றால் நூல் தடிப்பு. பிணைச்சல் பக்கத்துக்கு 1.5 மி.மீ. கறுப்பு ஃபெல்ற் (அழுத்திச் செய்த கம்பளி) துணி, பழையது இருந்த அடையாளத்தின் அகலத்துக்கு.

கண்ணாடிக்கு மேலே நூல் உதவாது, மெத்தென்ற ஒன்று வேண்டும். 2 மி.மீ. பஞ்சுதான் வைக்கவேண்டியிருக்கிறது. தடிப்பானதை வைத்தால் கண்ணாடி முழுதாக எழும்பாமல் படத்தின் கீழ்ப்பகுதி இருளும். ஒட்டுகிற பக்கத்தைத் தண்ணீரால் இலேசாக நனைத்தால் சரியான இடத்துக்கு நகர்த்த அவகாசம் கிடைக்கும். கண்ணாடியையும், அதற்கு மேலே உள்ள போகஸ் தட்டையும் துடைக்கவேண்டாம். கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு முன்பக்கம் இருக்கிறது, தட்டு பிளாஸ்ரிக். ஊதுகுழாயால் ஊதுவதோடு நிற்பாட்டுங்கள்.

எஃப்எக்ஸ்-3க்கு மேலதிகமாக ஒரு தொல்லை: வெளித்தோல். சுருங்கி, வெடித்து, கறுப்புத் தூளாகக் கையிலும் சட்டையிலும் கொட்டும். கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை. உரிக்கமுதல், மேலே மெல்லிய கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் சீற் தைக்கிற கடையில் துண்டு றெக்சின் சும்மாவே தருவார்கள், இருப்பதில் மெல்லியதைக் கேளுங்கள். பின்கதவில் பழகிவிட்டு முன்பக்கத்துக்கு வாருங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கதவைத் திறந்து 1/2000இல் வெளிச்சத்தைப் பார்த்து அடித்துப் பாருங்கள். படச்சட்டம் முழுதும் மின்னவேண்டும். மேலோ கீழோ ஒரு பட்டை இருண்டால் தகடுகள் ஒன்றையொன்று துரத்திப் பிடிக்கின்றன என்று அர்த்தம், அது ஈர்க்கு வேலையில்லை. கடைக்காரர் காட்டினாலும் செல்ப் ரைமரை இழுக்கவேண்டாம். நெடுநாள் கிடந்தவை பாதியில் நின்று ஷட்டரையும் பிடித்துவைக்கும். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பூஞ்சணம் பாருங்கள். தோல் உறையோடு வருகிற கமராவில் இன்னும் கவனம், அந்த உறைதான் பூஞ்சணத்தின் வீடு. சோளகம் வீசுகிற மாதங்களில் கிறவல் றோட்டுச் செம்மண் லென்ஸ் வளையத்துக்குள் ஏறும். மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியும் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் ஒரு பிடியும் செம்மண்ணுக்கும் பூஞ்சணத்துக்கும் சேர்த்துப் போதும்.

இப்போது தம்பியின் கேள்வி. உன்னிடம் இருப்பது டிஜிற்றல் நிக்கோனின் 50 மி.மீ. ஜி லென்ஸ் என்றால் எஃப்எம்10 உனக்குப் பிரயோசனமில்லை. அந்த லென்ஸில் அப்பெச்சர் வளையம் (துளையின் அளவை மாற்றுகிற வளையம்) இல்லை, எஃப்எம்10இல் பூட்டினால் எப்போதும் மிகச் சிறிய துளையிலேயே நிற்கும். அந்த வளையம் உள்ள ஏஎஃப்-டி அல்லது ஏஐ வகை நிக்கோன் லென்ஸ் இருந்தால் எடுக்கலாம். யஷிக்காவைவிட வயது குறைவு என்பதால் பஞ்சும் கொஞ்சம் தாங்கும். மேல்விலை கொடுப்பதென்றால் அந்த வயதுக்குக் கொடு, பெயருக்குக் கொடுக்காதே. லென்ஸே இல்லை என்றால் பென்ரக்ஸின் கே வகை லென்ஸ் வளையம் வைத்த விவிற்றாரையோ கொசினா என்றே பெயர் போட்டதையோ தேடு. யாரும் திரும்பிப் பார்க்காத பெயர், உள்ளே அதே சாமான், லென்ஸும் மலிவாக நிறையக் கிடைக்கும்.

எஃப்எக்ஸ்-3ஐ எடுக்கவேண்டாம். மேலே எழுதிய புகழ் எதையும் திருப்பி வாங்கவில்லை. என்னுடையதை விற்கவும் மாட்டேன். ஆனால் முதல் கமராவாக எடுக்கிறவர் கையில், படம் பிடிக்கமுதல் களி சுரண்டவும் தோல் வெட்டவும் வைக்கிற சாமானைக் கொடுக்க மனமில்லை.

கறுப்பு நூல் இன்னும் அரைவாசி மிஞ்சிக் கிடக்கிறது. எதை எடுத்தாலும், பிலிம் போடமுதல் ஒருக்கால் கொண்டுவா.