பைபைண்ட்11: இரண்டு வருடம் பழகிய பிறகு

துணியின் படத்தைப் பார்த்து நூல் அறுந்த இடத்தைக் காட்டும் சி++ நிரல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. எழுதியவர் எப்போதோ வேலை மாறிப் போய்விட்டார். ஆபரேட்டர் பார்க்கும் திரை முழுக்க பைத்தான். இரண்டையும் இணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் பைத்தானோடு கூடவே வரும் சிடைப்ஸில் (சி ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் லைப்ரரி) ஆரம்பித்தேன். சி++ பக்கம் 0.37 என்று வரும் விடை, பைத்தான் பக்கம் ஏதோ ஒரு பெரிய முழு எண்ணாக வந்தது. ஃபங்ஷன் டபுள் (தசம எண்) தருகிறது என்று ரெஸ்டைப்பில், அதாவது விடையின் டைப்பைச் சொல்லும் இடத்தில், நாம் எழுதாவிட்டால், சிடைப்ஸ் அதை இன்ட் (முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். எரர் எதுவும் வராது. அரை நாள் போனது அதில்தான்.

அப்புறம்தான் பைபைண்ட்11க்கு மாறினேன். சி++ நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்க வைக்கும் கருவி அது. வென்ஸல் யாக்கோப் 2015இல் தொடங்கியது. வெறும் ஹெட்டர் ஃபைல்கள்தான். தனியாக லிங்க் செய்ய லைப்ரரி கிடையாது. ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு டெஃப் வரி எழுதினால் போதும், டைப்பையெல்லாம் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். தப்பான டைப்பைக் கொடுத்தால் டைப்எரர் வரும். எந்தெந்த டைப் செல்லும் என்ற பட்டியலும் அதிலேயே இருக்கும். சி++ எறியும் இன்வேலிட் ஆர்கியுமென்ட், பைத்தானில் வேல்யூஎரராக வந்து நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: தப்பு நடந்தால் வாய்திறந்து சொல்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கம்பைல் ஆக நேரம் பிடிக்கிறது. பைத்தான் லிஸ்ட்டை சி++ வெக்டராக மாற்றும் வசதி கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் முழு நகல் எடுக்கும். எங்கள் படம் 2048க்கு 2048, புள்ளிக்கு 1 பைட், மொத்தம் 4 எம்பி. லிஸ்ட்டாக ஆக்கினால், ஒவ்வொரு புள்ளியும் இருக்கும் இடத்தைக் காட்டும் 8 பைட் சுட்டிகளுக்கு மட்டுமே 32 எம்பி போய்விடும். படத்துக்கு நம்பை (பைத்தானின் எண் கணக்கு லைப்ரரி) அர்ரேதான் சரி. சி++ பக்கம் அதை அர்ரே_டி என்ற பைபைண்ட்11 டைப்பாக வாங்கினால் இருக்கும் இடத்திலேயே படிக்கலாம்.

அதிலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். டைப் பொருந்தாத அர்ரே வந்தால் சத்தமில்லாமல் மாற்றி நகலெடுத்துவிடும். சி++ உள்ளே நான் போட்ட குறி நகலில் விழுந்தது. திரையில் படம் அப்படியே இருந்தது. அந்த ஆர்கியுமென்டுக்கு, டைப்பை மாற்றாதே என்று சொல்லும் நோகன்வர்ட் சேர்த்ததும் டைப்எரர் வந்து விஷயம் புரிந்தது. படம், பெரிய அர்ரே எதை அனுப்பினாலும் நோகன்வர்ட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள், கம்பைலர் சி++17 தாங்கும் என்றால், யாக்கோப்பே எழுதிய, இதே வேலையைச் செய்யும் நானோபைண்டையும் ஒரு தடவை பாருங்கள். கம்பைல் நேரத்தைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.