பிக்கப்புக்கே பிக்கப் இல்லையா? பழைய ராமில் காசை எங்கே போடுவது

நம்மூரில் வண்டி இழுக்காவிட்டால் 'பிக்கப் இல்லை' என்போம். அமெரிக்காவில் பிக்கப் என்பது வண்டிக்கே பெயர். என்னிடம் இருப்பது 1997 டாட்ஜ் ராம் 2500. கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் இன்ஜின், 12 வால்வு, ஐந்து கியர் மேனுவல். டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு 11,000 அடிக்கு மேலே இருக்கும் ஐசனோவர் சுரங்கத்தை நோக்கி ஏறினால், பிக்கப்பில் பிக்கப் இருக்காது. குறைந்த செலவில் அதைக் கூட்டும் வழிகளுக்குள் இங்கே ஒரு போட்டி வைக்கிறேன்.

இந்த இன்ஜின் நமக்கு அந்நியமானதல்ல. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து டாடா லாரிகளில் ஓடிய 6பிடி இன்ஜின் இதன் உடன்பிறப்புதான். லாரி மெக்கானிக் ஒருவரை இதன் முன் நிறுத்தினால் சிலிண்டர்களுக்கு டீசல் அனுப்பும் பாஷ் பி7100 இன்லைன் பம்ப்பைப் பார்த்ததும் பாதி விஷயம் அவருக்குப் புரிந்துவிடும். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாமே ஸ்பிரிங்கும் திருகும்தான். 1996 முதல் 1998 வரை மேனுவல் வண்டிக்கு 215 குதிரைத்திறனும் ஆட்டோமேட்டிக்குக்கு 180-ம் கொடுத்தார்கள். பிளாக் ஒன்றுதான், டீசல் அளவில்தான் வித்தியாசம். மிச்ச பலம் பம்ப்பிலேயே ஒளிந்திருக்கிறது என்ற பேச்சு இப்படித்தான் வந்தது. பொய்யில்லை. ஆனால் அந்தப் பேச்சை நம்பித்தான் பலர் பிஸ்டனை உருக்கிக்கொண்டார்கள்.

எதையும் வாங்குவதற்கு முன், இருக்க வேண்டிய பலம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் பம்ப்பின் லீவர் கடைசிவரை போகிறதா? டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாய்களில் காற்று கசிகிறதா? டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது? பம்ப்பின் பக்கத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்ப்புக்குள் அழுத்தம் நிற்காது, வண்டி சோம்பிப்போகும். என் வண்டியில் அந்தச் சின்ன வால்வை மாற்றியதில் கிடைத்த வித்தியாசம், பிறகு செலவு செய்து செய்த ஒரு வேலையைவிட அதிகம். எந்த வேலை என்பது கீழே வருகிறது.

சரி, போட்டிக்கு வருவோம். முதல் ஆள் இலவசம். பம்ப்பின் மேல் இருக்கும் ஏஎஃப்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவி, டர்போ காற்று ஏறும்வரை டீசலை அடக்கிப் பிடிக்கும். அதன் உறையை முன்னே நகர்த்தி, உள்ளே இருக்கும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பினால் அடக்கம் குறையும், மிதித்த உடனே வண்டி துள்ளும். அதற்கடுத்தது ஃப்யூவல் பிளேட். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை போடும் சிறு இரும்புத் தகடு. அதை முன்னே தள்ளினால் உச்ச அளவு டீசலே கூடும். சிலர் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும் என்பதால் முதலில் எல்லோரும் கை வைப்பது இங்கேதான்.

சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை. மலையில் ஓட்டுகிற எனக்கு இதுவே கண்ணி. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டீசலைக் கூட்டினால் எரிய ஆக்சிஜன் போதாமல் கரும்புகையும் சூடும்தான் மிஞ்சும். டர்போவுக்கு முன்னால் வெளியேறும் புகையின் வெப்பத்தை 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், அதாவது 677 செல்சியஸ் அளவில், நிறுத்து என்பது இந்த வண்டிக்காரர்கள் மத்தியில் வழக்கமான கணக்கு. நீண்ட ஏற்றத்தில் அதைத் தாண்டி ஐந்து நிமிடம் மிதித்தால் அலுமினிய பிஸ்டன் பதில் சொல்லும். இந்த வெப்பத்தைக் காட்டும் மீட்டர் கம்பெனி டேஷ்போர்டில் இல்லை. எனவே இலவச வேலைக்கும் ஒரு விலை உண்டு, அந்த மீட்டரின் விலை. மீட்டர் மாட்டாமல் பிளேட்டைத் தொடாதீர்கள்.

இரண்டாவது ஆள், இன்ஜினின் உச்சச் சுற்றுக்குக் கடிவாளம் போடும் கவர்னர் ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங் 2,500 ஆர்பிஎம் பக்கத்திலேயே டீசலைக் குறைக்க ஆரம்பிக்கும். மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது பலம் வேண்டிய இடத்தில் பம்ப் கையை விரிக்கும். நாலாம் கியருக்குப் போனால் வண்டி திணறும். 3,000 ஆர்பிஎம் ஸ்பிரிங் போட்டால் மூன்றாம் கியரைப் பிடித்துக்கொண்டே ஏறலாம். சுற்று கூடுவதால் டர்போ கொண்டுவரும் காற்றும் கூடும், சூடு அடங்கும். ஒவ்வொரு தடவை பீச்சும்போதும் கூடுதல் டீசல் ஊற்றாமல் ஏற்றத்தில் பலம் தருவது இதுதான். என் ஓட்டு இதற்கே. வேலை மட்டும் கொஞ்சம் நெஞ்சடைப்பு: இன்ஜினைக் கையால் சுழற்றி, பம்ப்பின் சின்னத் துவாரம் வழியாக நட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஒரே அளவு கிளிக் வைத்து இறுக்க வேண்டும். நட்டு உள்ளே விழுந்தால் அன்றைய நாள் போச்சு. 4,000 ஸ்பிரிங்கும் கிடைக்கிறது. அதற்கு வால்வு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும், மலிவு என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இன்ஜெக்ஷன் டைமிங்கை முன்னே தள்ளுவது, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு இன்னும் முன்பே டீசலைப் பீச்ச வைப்பது, மூன்றாவது. கம்பெனி அளவு சுமார் 12 முதல் 14 டிகிரி, டிரெய்லர் இழுப்பவர்கள் 16 வரை போகிறார்கள். பலமும் கூடும், புகை வெப்பமும் குறையும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், ஹெட் கேஸ்கெட்டுக்குக் கஷ்டம். பம்ப்பின் பல்சக்கரம் சாய்வான தண்டில் உராய்வால் மட்டுமே நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைக்காமல் இறுக்கினால் டைமிங் நழுவிவிடும். இதற்காக முன்பக்கத்தைத் திறக்கும்போது, டைமிங் கேஸில் இருக்கும் டவல் பின் என்ற சிறு இரும்பு முளை விழாதபடி ஒரு தகடு வைத்து மறித்துவிடுங்கள். அதிர்வில் கழன்று பல்சக்கரத்துக்குள் விழுந்து இன்ஜினையே தின்ற கதைகள் ஏராளம்.

டீசலைப் பீச்சும் நாசில்களில், படகு இன்ஜினுக்கான பழைய மரைன் 370 நாசில்கள் மலிவு விலைக்குப் பேர்போனவை. பலம் உண்மை, புகையும் உண்மை. டென்வர் பக்கம் டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை உண்டு, மலைக்காற்றில் எனக்கு ஒத்துவராது. மத்தியச் சட்டப்படி புகைக் கட்டுப்பாட்டில் கை வைப்பதே குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரிய டர்போவுக்கு இந்த பட்ஜெட்டில் இடமில்லை. பெரிய சைலன்சர் குழாய் நான் போட்டேன். சத்தம் ஏறியது, இழுவையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மேலே சொன்ன அந்தச் செலவு இதுதான்.

இதற்கெல்லாம் மேல் கிளட்ச் இருக்கிறது. டீசலைக் கூட்டியவர்களின் வண்டியில் முதலில் கையைத் தூக்குவது கம்பெனி கிளட்ச்தான், ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்டர். அதன் விலை மேலே சொன்ன எல்லா வேலைக்கும் சேர்த்து ஆவதைவிட அதிகமாக வரும். அதனால்தான் என் பிளேட் இன்னும் பாதி தூரத்தில் நிற்கிறது. ஸ்பிரிங் போட்ட பிறகு சுரங்கம் வரை மூன்றாம் கியரில் ஏறுகிறேன். லாரிகளை முந்துகிறேன், புதுக் கார்கள் என்னை முந்துகின்றன.