வேர்டுல டெம்ப்ளேட் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா அது வைரஸ் இல்லீங்க, ஃபார்மேட்டுக்கு குடுத்துடாதீங்க

டைப்பிங் சென்டர், டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கவங்க, வக்கீல் ஆபீஸ்ல பத்திரம் அடிக்கிறவங்க எல்லாரும் இத முழுசா படிங்க. கடைய சாத்திட்டு உக்காந்து அடிக்கிறேன், மனசு ஆறல.

பழைய வண்ணாரப்பேட்டையில வீட்டு முன்னாடி ரூம்லயே 14 வருஷமா டைப்பிங் சென்டர் வச்சிருக்கேன். வாடகை ஒப்பந்தம், போக்கியம், அஃபிடவிட், பேர் மாத்தற மனு, காசிமேட்டுல இருந்து வர்றவங்களுக்கு படகு விக்கற வாங்கற பத்திரம், இதுதான் வேலை. ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டுலயும் வேர்டு 2010, பொட்டியோட காசு குடுத்து வாங்கினது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு டெம்ப்ளேட், அதாவது முன்னாடியே அடிச்சு வச்ச மாதிரி ஃபைல், வச்சிருப்பேன், ஃபைல், நியூ, மை டெம்ப்ளேட்ஸ் போனா வரிசையா நிக்கும், கிளிக் பண்ணி பேரு, கதவு நம்பர், வாடகை மட்டும் போட்டா பத்து நிமிஷத்துல பார்ட்டி கையில பேப்பர்.

இந்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம் புது ப்ரிண்டர் வாங்கினேன். அதுல பாண்ட் பேப்பர் போட்டா மேல விட்ட இடம் பத்தல, அதனால ஒவ்வொரு டெம்ப்ளேட்டா திறந்து மார்ஜின மாத்தி சேவ் பண்ணிட்டு வந்தேன். அப்பதான் ஆரம்பிச்சுது. 'வாடகை'ன்னு ஒண்ணு இருந்த இடத்துல ரெண்டு 'வாடகை'. அடுத்த வாரம் 'போக்கியம்' ரெண்டு. அப்பால 'அஃபிடவிட்' ரெண்டு. பேரு ஒண்ணு, படம் ஒண்ணு, எது எதுன்னு தெரியாது. ஒரு நாள் புது மார்ஜின் வரும், மறுநாள் பழைய மார்ஜின் வரும்.

ஒரு சாயங்காலம் கல்மண்டபத்துல இருந்து ஒரு அம்மா பொண்ணு வீட்டு அட்வான்ஸுக்காக 100 ரூபா பாண்ட் பேப்பர் வாங்கிட்டு வந்திருந்தாங்க. ப்ரிண்ட் குடுத்தேன், 'வாடகை ஒப்பந்தப் பத்திரம்'ங்கற தலைப்பு நேரா சிங்கமுகத்து மேலயே போய் அடிச்சிருச்சு. நான் போய் இன்னொரு பேப்பர் வாங்கிட்டு வந்து குடுத்தேன், அதுவும் அதே மாதிரி போச்சு. அந்தம்மா ஒண்ணும் திட்டல, "பரவாயில்ல விடும்மா"ன்னுதான் சொன்னாங்க, எனக்குதான் முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு சர்வீஸ் கடை, கடைப்பேரு வேணாம். அந்த பையன் வந்து பாத்தான், ரெண்டு நிமிஷம் கூட ஆகல, "அக்கா, இது டெம்ப்ளேட் வைரஸ்க்கா, ஒண்ணு ரெண்டாவுது பாருங்க, விட்டா நாளைக்கு நாலாவும், பக்கத்து சிஸ்டத்துக்கும் ஏறிடும்"னு சொல்லிட்டான். எனக்கு பயம். உண்மையிலேயே ஒவ்வொண்ணா ரெண்டாயிட்டுதானே வந்துச்சு? "தம்பி, என் ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்குமா"ன்னு மூணு தடவ கேட்டேன். "டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் எல்லாம் பேக்கப் எடுத்துடுவேன்க்கா, டி ட்ரைவ்ல கையே வைக்கமாட்டேன், கவலையே படாதீங்க"ன்னான். சிபியூவ தூக்கிட்டு போனான், மூணு நாள் கழிச்சு கொண்டாந்தான், 3,800 ரூபா வாங்கினான். வைரஸ் க்ளீனிங், ஃபார்மேட் (சி ட்ரைவ மொத்தமா அழிச்சு புதுசா போடறது), புது ஆபீஸ், ஆன்டிவைரஸ்னு வாயாலயே கணக்கு. பில் கேட்டேன், "அப்புறம் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்க்கா"ன்னான், இன்னி வரைக்கும் வரல.

டெம்ப்ளேட் இப்ப ஒண்ணு ஒண்ணுதான் இருந்துச்சு, அப்பாடான்னு இருந்தேன். 'எல்லை'ன்னு அடிச்சு எஃப்3 தட்டினேன். ஒண்ணும் வரல. 'எல்லை'ன்னே நிக்குது.

இது வெளியில இருக்கவங்களுக்கு புரியாது, அதனால சொல்றேன். ஆட்டோ டெக்ஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஒரு தடவ அடிச்சு செலக்ட் பண்ணி ஆல்ட் எஃப்3 போட்டு ஒரு சின்ன பேரு வச்சுட்டா, அப்புறம் அந்த பேர அடிச்சு எஃப்3 தட்டினா மொத்த பத்தியும் வந்து விழும். எனக்கு 'எல்லை'ன்னா கிழக்கு மேற்கு வடக்கு தெற்குன்னு நான்கெல்லை விவரம், 'சாட்சி'ன்னா சாட்சிங்க கையெழுத்து போடற இடம், 'படகு'ன்னா இஞ்சின் நம்பர்ல இருந்து வலை வரைக்கும். 2019 பிப்ரவரியில தமிழ்நாட்டுல புது வாடகை சட்டம் அமலுக்கு வந்தப்ப எங்க வக்கீல் சார் ஒருத்தர் கையால எழுதிக் குடுத்த வரிங்கள அப்படியே சேத்து வச்சிருந்தேன். 160 என்ட்ரிக்கு மேல இருக்கும். கை தானா அடிக்கும், யோசிக்கக்கூட மாட்டேன். எல்லாம் போச்சு.

அதோட விடல. வாடகை டெம்ப்ளேட்ட திறந்தா மார்ஜின் பழசு. நான் ஒரு மாசமா மாத்தினது ஒண்ணு கூட இல்ல. ஃபோன் போட்டேன், "நான்தான் டாகுமெண்ட்ஸ் குடுத்துட்டேனேக்கா, டி ட்ரைவ் அப்படியே இருக்கே, வேற இன்னா வேணும்"னு கேக்கறான்.

என் தங்கச்சி பொண்ணு அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில டாகுமெண்ட் வேலை பாக்கறா, ஞாயித்துக்கிழமை வந்திருந்தா. அவகிட்ட, ஃபார்மேட்டுக்கு முன்னாடி அந்த பையனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின ஸ்க்ரீன் ஃபோட்டோவ காமிச்சேன். பாத்தவ, "பெரிம்மா, இது வைரஸ் இல்ல, ரெண்டு ஃபோல்டர் பெரிம்மா"ன்னா.

அவ சொன்னத எனக்கு புரிஞ்ச மாதிரி சொல்றேன். வேர்டு 2010 டெம்ப்ளேட்ட ரெண்டு இடத்துல இருந்து எடுத்து ஒரே லிஸ்ட்ல காட்டும். ஒண்ணு நம்ம சொந்த டெம்ப்ளேட் இருக்கற இடம். இன்னொண்ணு வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ்னு, ஆபீஸ்ல நாலு பேரு சேந்து எடுக்கறதுக்காக வச்ச இடம். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் போயி ஒரே அடியா கீழ இறங்கினா ஃபைல் லொகேஷன்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கினா ரெண்டு இடமும் தெரியும். ரெண்டு கம்ப்யூட்டரையும் சேத்தப்ப வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு ஒருத்தர் என் டி ட்ரைவ் ஃபோல்டர வொர்க்குரூப் இடமா போட்டுக் குடுத்திருந்தாரு. நல்லதுக்குதான் பண்ணாரு, எனக்குதான் அது தெரியாது.

அப்ப ரெண்டு எப்படி ஆச்சு? டெம்ப்ளேட்ட டபுள் கிளிக் பண்ணா டெம்ப்ளேட் திறக்காதுங்க, அத வச்சு ஒரு புது டாகுமெண்ட்தான் திறக்கும். டெம்ப்ளேட்டையே மாத்தணும்னா ஃபோல்டர்ல போயி ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் குடுக்கணும். நான் டபுள் கிளிக் பண்ணி மார்ஜின மாத்தி, சேவ் அஸ்ல டெம்ப்ளேட்ஸ்ங்கற இடத்த தொட்டு அதே பேருல சேவ் பண்ணேன். புதுசு சி ட்ரைவ்ல சொந்த இடத்துல போய் உக்காந்துச்சு, பழசு டி ட்ரைவ்லயே நின்னுச்சு, லிஸ்ட்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. இன்னொரு கம்ப்யூட்டர்ல டி ட்ரைவ் ஃபோல்டர காப்பி பண்ணி வச்சு, அதயே வொர்க்குரூப் இடமா காட்டி, என் கண்ணு முன்னாடியே 'வாடகை'ய ஒரு தடவ அந்த மாதிரி சேவ் பண்ணா. நியூவ திறந்தா ரெண்டு 'வாடகை'. ஒண்ண டி ட்ரைவ்ல இருந்து வெளிய நகத்தினா, மறுபடி ஒண்ணு. அஞ்சு நிமிஷ வேலை. அதுக்குதான் நான் 3,800 குடுத்தேன், 14 வருஷ உழைப்பையும் குடுத்தேன்.

வைரஸ்னு சொன்னதும் சுத்தமா பொய்னு சொல்லமுடியாது, பாதி உண்மைய வச்சு ஏமாத்தறதுதான் இதுல. மேக்ரோன்னா வேர்டு ஃபைலுக்குள்ளயே ஓடற சின்ன ப்ரோக்ராம்; ஒரு காலத்துல மேக்ரோ வைரஸ்னு இருந்துச்சு, 1999-ல மெலிசான்னு ஒண்ணு வேர்டுலதான் பரவுச்சு, அந்த மாதிரி வைரஸ் வேர்டோட நார்மல் டெம்ப்ளேட்லதான் போய் உக்காரும். ஆனா என் டெம்ப்ளேட் எல்லாம் டி.ஓ.டி.எக்ஸ்னு முடியற ஃபைல், அதுல மேக்ரோ வைக்கவே முடியாது. டி.ஓ.டி.எம்னோ, பழைய வேர்டோட டி.ஓ.டின்னோ முடிஞ்சாதான் மேக்ரோ இருக்க வாய்ப்பு. அந்த பையன் அது கூட பாக்கல.

இப்ப முக்கியமான விஷயம். ஆட்டோ டெக்ஸ்ட், நம்ம எழுதி வச்ச மேக்ரோ, மாத்தி வச்ச ஸ்டைல் எல்லாம் பெரும்பாலும் நார்மல்ங்கற ஒரு டி.ஓ.டி.எம் ஃபைலுக்குள்ளதான் இருக்கும். அது இருக்கறது சி ட்ரைவ்ல, யூசர்ஸ்ல, நம்ம பேருல, ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ்ங்கற ஃபோல்டர்ல. நான் சேவ் பண்ண புது டெம்ப்ளேட்டும் அங்கதான். ஆப்டேட்டா மறைச்சு வச்ச ஃபோல்டர், சாதாரணமா கண்ணுக்கே தெரியாது, அதனால டெஸ்க்டாப்பும் டாகுமெண்ட்ஸும் எடுத்துட்டா எல்லாம் எடுத்தாச்சுன்னு இவங்க நினைச்சுக்கறாங்க. நார்மல் ஃபைல் காணோம்னா வேர்டு ஒண்ணும் கேக்காது, சத்தமில்லாம காலியா புதுசு ஒண்ண பண்ணிக்கும்.

குடுக்கறதுக்கு முன்னாடி விண்டோஸ் பட்டனும் ஆர் பட்டனும் சேத்து அமுக்கி, பர்சன்டேஜ் குறி, ஆப்டேட்டா, மறுபடி பர்சன்டேஜ் குறி, இடைவெளி விடாம இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டுங்க. நேரா ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதுல மைக்ரோசாஃப்ட்குள்ள இருக்கற டெம்ப்ளேட்ஸ், டாகுமெண்ட் பில்டிங் பிளாக்ஸ், வேர்டுக்குள்ள இருக்கற ஸ்டார்ட்அப், இந்த மூணையும் வேர்ட மூடிட்டு பென்ட்ரைவ்ல போட்டுக்குங்க. வேர்டு 2013, இல்ல அதுக்கு அப்புறம் வந்த வேர்டுன்னா டாகுமெண்ட்ஸ்குள்ள கஸ்டம் ஆபீஸ் டெம்ப்ளேட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதையும் எடுங்க. நார்மல் ஃபைல்தான் கெட்டுப்போச்சுன்னு யாராவது சொன்னா கூட அழிக்க விடாதீங்க, பேர மட்டும் மாத்தி வைக்கச் சொல்லுங்க.

அவன் போட்ட புது ஆபீஸ் கதைய சொல்லணும். ஃபைல்ல அக்கவுண்ட் போயி பாத்தா ப்ரொஃபெஷனல் ப்ளஸ்னு இருக்கு, நான் காசு குடுத்து வாங்கினது ஹோம் அண்ட் பிசினஸ். கூடவே லைசன்ஸ் இல்லாமலே ஆபீஸ ஓட வைக்கற ஒரு ஆக்டிவேட்டர் ப்ரோக்ராம், அது ஓடணும்னு ஆன்டிவைரஸையே ஆஃப் பண்ணி வச்சிருக்கான். 2010-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 அக்டோபரோட சப்போர்ட்ட நிறுத்திட்டது நெசந்தான், மாத்தணும்னா மாத்தலாம், ஆனா என்ன கேக்காம என் லைசன்ஸ தூக்கிட்டு க்ராக் போட இவனுக்கு யாரு உரிமை குடுத்தது? ஜனங்களோட ஆதார் காப்பி, வீட்டு பத்திரம் எல்லாம் இருக்கற சிஸ்டம்ங்க அது.

கடைக்கு நேர்ல போனேன். ஓனர் முதல்ல "நீங்கதானேம்மா ஃபார்மேட்டுக்கு சரின்னீங்க"ன்னாரு, நான் அங்கயே நின்னேன், நகரல, கடைசியில 1,000 ரூபா திருப்பிக் குடுத்தாரு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கும் பேசினேன். முதல்ல பில்லுதான் கேட்டாங்க. அதனால சிபியூ கைமாறும்போதே ஒரு துண்டு பேப்பர்லயாவது என்ன பண்ணப் போறாங்க, எவ்வளவுன்னு எழுதி வாங்கிடுங்க.

தங்கச்சி பொண்ணு பீரோல கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்க நோண்டி, 2018-ல எடுத்த காப்பியில இருந்து ஒரு நார்மல் ஃபைல கண்டுபிடிச்சா. க்ராக்க எடுத்துட்டு என்னோட 2010-ஐயே திரும்ப போட்டு, வேர்ட மூடிட்டு புது நார்மலுக்கு வேற பேரு வச்சு, பழச அந்த இடத்துல போட்டா. 'எல்லை'ன்னு அடிச்சு எஃப்3 தட்டினேன், கிழக்கு மேற்கு எல்லாம் வந்து விழுந்துச்சு, அழுதுட்டேன். ஆனா 2018-க்கு அப்புறம் சேத்தது எதுவும் அதுல இல்ல, புது வாடகை சட்டத்து வரிங்க உட்பட. இப்ப பழைய பார்ட்டிங்க ஜெராக்ஸுக்கு பத்திரம் கொண்டு வந்தா, "இத ஒரு நாள் வச்சுக்கட்டுமா"ன்னு கேட்டு வாங்கி, ராத்திரியில பாத்து அடிச்சிட்டு இருக்கேன். நேத்து வரைக்கும் 37 ஆச்சு.