பானைத் தண்ணீர், சீரக வெந்நீர்: மூன்று வருஷ அனுபவம்

2022 சித்திரையில் ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைப்பதை விட்டேன். வெயிலில் தக்கலை சந்தைக்குப் போய் வந்து மடக்மடக்கென்று ஐஸ் தண்ணீர் குடித்தால் பல் கூசும், நெற்றிப்பொட்டில் குத்தும். எனக்கு ஒற்றைத் தலைவலி வேறு உண்டு. சில நாள் அந்தக் குத்தல் சாயங்காலம் வரை போகாது.

அன்றிலிருந்து காலையில் வெதுவெதுப்பாகச் சீரக வெந்நீர், பகலில் மண்பானை. ஐஸ் தண்ணீரால் வந்த தலைவலி நின்றுவிட்டது. தூக்கம் கெட்டால் வருவது இன்னும் வருகிறது.

பானையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் அருமையாகக் குளிரும். மண்ணில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் நம் குமரி மாவட்டத்தில் மழை இரண்டு தடவை வருகிறதே! ஆனி, ஆடியில் சாரல் பிடித்தாலும் சரி, ஐப்பசியில் அடைமழை பெய்தாலும் சரி, காற்றே ஈரமாக இருப்பதால் நீர் ஆவியாகாது, பானையும் குளிராது. வெளிப்பக்கம் வழுவழுவென்று பாசி வேறு பிடிக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவேன். சோப்பு போடுவதில்லை, மண் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

வெந்நீர் கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பி ஆறு மாசம் எடை பார்த்தேன். ஒரு கிலோ கூடக் குறையவில்லை. எந்தச் சூட்டில் குடித்தாலும் வயிற்றுக்குள் போன கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உடம்பின் 37 டிகிரிக்கு வந்துவிடும். அரை லிட்டர் ஐஸ் தண்ணீரைச் சூடாக்க உடம்பு செலவழிப்பதும் சுமார் 16 கலோரிதான், அரை இட்லிக்குக் காணாது. காலையில் வயிறு சுலபமாகப் போகிறது என்பது உண்மை. அதற்குச் சூட்டைவிட, எழுந்ததும் இரண்டு டம்ளர் குடிக்கிற பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

என் கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். ஆவி பறக்கிற டம்ளரைத் துண்டால் பிடித்து அப்படியே உறிஞ்சுவார். "நல்ல சூட்டோட குடிச்சாத்தான் மக்களே தொண்டைக்கு இதம்" என்பார். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆற்றிக் குடிக்க வைத்தோம்.

அப்போது அம்மா ஒரு தப்பு செய்தாள். சூடு தணிய பச்சைத் தண்ணீர் விட்டு விளாவிக் கொடுத்தாள். சில சாப்பாட்டுக் கடைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். ஒரு நிமிஷம் தளதளவென்று கொதித்தால் கிருமி சாகும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் கொதிக்க வைத்ததே வீண். மூடி வைத்து ஆறவிட்டால் தண்ணீர் நல்லதாகவே இருக்கும், சூடாகத்தான் குடிக்க வேண்டும் என்றில்லை.

இப்போது ராத்திரியே ஒரு பாத்திரம் கொதிக்க வைத்து மூடிவிடுகிறோம். காலையில் கொதித்ததோடு அந்த ஆறின தண்ணீரைச் சேர்த்து விளாவுகிறாள் அம்மா. அப்பா டம்ளரைத் துண்டு இல்லாமலே பிடிக்கிறார்.