டிரெய்லர் வீடு செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? வே பிரிட்ஜில் (வண்டி எடை போடும் மேடையில்) ஏற்றாமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்

கோவைப் பக்கம் ஒரு பட்டறையில், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு செய்து வாங்கி, ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயைத் தொலைத்த குடும்பம் நாங்கள். வழக்கு நடப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

என் வீட்டுக்காரருக்குத் தென்னந்தோப்புகளில் சொட்டுநீர்க் குழாய் போடும் வேலை. பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை வரும். ஒரு தோப்பில் ஒரு மாதம், அடுத்ததில் இரண்டு மாதம். ஒவ்வொரு இடத்திலும் அட்வான்ஸ் கொடுத்து வாடகை வீடு பிடித்து, கட்டில் பீரோவைத் தூக்கி, பிள்ளைகளை அலைக்கழித்து ஓய்ந்துபோனோம். அதனால்தான் இழுத்துப் போகிற வீடு ஒன்று இருந்தால் தோப்பிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். மகள் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் நாலாம் வகுப்பு படிக்கிறாள், பையனுக்கு நாலு வயது. பதினெட்டு அடி நீளம், ஏழு அடி அகலம், எங்களுக்கு அது போதும்.

பட்டறைக்காரர் இனிமையாகப் பேசினார். "தங்கச்சி, எங்க வீட்டுப் புள்ளைங்க தூங்குற மாதிரி நெனச்சுச் செஞ்சு தர்றேன்" என்றார். தண்ணீரோடு சேர்த்தே 1,100 கிலோதான் வரும், உங்கள் பழைய பொலீரோ சும்மா இழுத்துவிடும், இவ்வளவு சின்ன டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டாம், எஞ்சின் இல்லாத வண்டிக்கு ஆர்.சி. எதற்கு என்றெல்லாம் சொன்னார். அத்தனையும் பொய்.

ஆடி மாதம் வண்டியை எடுத்தோம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத திறப்புதான் பாலக்காட்டுக் கணவாய், அந்த மாதத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றெல்லாம் அதற்குள்தான் புகுந்து வரும். வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு பக்கம் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு லாரி எங்களைக் கடந்தது, அவ்வளவுதான், டிரெய்லர் இடது வலது என்று ஆட ஆரம்பித்து, ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாகி, பொலீரோவின் பின்பக்கத்தையே இழுத்து வீச ஆரம்பித்தது. மகள் அலறினாள். என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையவிட்டார். அப்படிச் செய்ததால்தான் இன்றைக்கு இதை எழுத நான் இருக்கிறேன்.

தோப்புக்காரப் பெரியவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "ஏம்மிணி, இது முழுக்கப் பின்பாரமா இருக்குதே. மாட்டு வண்டியில பின்னால பாரம் ஏறுனா நுகத்தடி மாட்டோட கழுத்தையே தூக்கிரும், உங்க வண்டிக்கும் அதே கதிதான்" என்றார். பட்டறையில் அத்தனை வருடம் தொழில் செய்தவருக்குத் தெரியாததா இது?

மறுநாள் வே பிரிட்ஜுக்கு மெதுவாக இழுத்துப் போனோம். இதைக் கவனமாகப் படியுங்கள், செலவு அதிகமில்லை. முதலில் காரிலிருந்து கழற்றி, முன்பக்க ஜாக்கியோடு டிரெய்லர் முழுவதையும் மேடையில் நிறுத்தினோம்: 1,640 கிலோ. பிறகு சக்கரம் மட்டும் மேடையிலும் ஜாக்கி வெளியே தரையிலும் இருக்கும்படி நகர்த்தினோம்: 1,600. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கார்க் கொக்கியில் இறங்குகிற எடை, அதாவது வெறும் 40 கிலோ. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இருக்க வேண்டும், எங்கள் வண்டிக்கு 160 கிலோவுக்கு மேல். குறைந்தால் டிரெய்லர் ஆடும். காரணம் என்னவென்றால், 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை, அதாவது 200 கிலோவை, அச்சுக்கு வெகு பின்னால் கடைசி மூலையில் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் இடம் காலியாக இருந்ததாம். தொட்டியைக் கழற்றி அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்ததும் கொக்கி எடை 175 ஆனது. உள்ளூர் வெல்டருக்கு ஒரு நாள் வேலை.

அப்புறம் மழை. மரைன் பிளை, அதாவது தண்ணீர் தாங்கும் பிளைவுட் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள். மூன்றே வாரத்தில் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் அப்பளம் மாதிரி உப்பியது. பையனுக்கு ராத்திரியில் இளைப்பு வந்தது, மருத்துவர் வீட்டில் பூஞ்சை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். சுவரைப் பிரித்தால் உள்ளே முழுக்கக் கறுப்பு. மரைன் பிளையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும், எங்கள் பலகையில் இருந்தது 303, வீட்டுக்குள் அலமாரிக்குப் போடுகிற சாதாரண பிளை. கூரை சுவரோடு சேருகிற இடத்தில் சாதாரண சிலிகான் தடவியிருந்தார்கள், அது இரண்டே பயணத்தில் பிரிந்துவிட்டது. மேலே மைக்கா ஒட்டின பிறகு முத்திரையைப் பார்க்கவே முடியாது. ஆகவே ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் பட்டறைக்குப் போய் நில்லுங்கள், ஒவ்வொரு பலகையையும் போட்டோ எடுங்கள். நாங்கள் போனில் கேட்டோம், அவர் போனில் பதில் சொன்னார், அதோடு விட்டுவிட்டோம்.

பேட்டரி 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் என்று பில்லில் இருக்கிறது. மிக்ஸி இரண்டு முறை ஓடினால் இன்வெர்ட்டர் கத்தும். சித்தூரில் ஓர் எலக்ட்ரீசியன் அண்ணா முழு சார்ஜ் ஏற்றி, 12 வோல்ட் 60 வாட் பல்பு ஒன்றை மட்டும் மாட்டி விட்டார். அது ஐந்து ஆம்பியர் இழுக்கும், 200 இருந்தால் நாற்பது மணி நேரம் எரிய வேண்டும். பதினான்கு மணி நேரத்தில் அணைந்துவிட்டது. எங்கிருந்தோ கழற்றின பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் வயரோ வீட்டில் பிளக் பாயிண்டுக்குப் போடுகிற கனம்தான், ஃபியூஸும் இல்லை. ஆயிரம் வாட் ஓடினால் அதில் எண்பது ஆம்பியருக்கு மேல் போகும். மேல் உறை இளகி ஒட்டிக்கொண்டிருந்ததை என் கையாலேயே தொட்டுப் பார்த்தேன்.

இதையெல்லாம்விட எனக்கு இன்றும் தூக்கம் வராமல் செய்வது கேஸ் பெட்டிதான். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும். அதனால் சிலிண்டர் வைக்கிற பெட்டி வீட்டுப் பக்கம் முழுக்க அடைத்தும், அடியில் வெளியே போக ஓட்டை விட்டும் இருக்க வேண்டும். எங்களுக்கு நேர்மாறாகச் செய்திருந்தார்கள். அடியில் ஓட்டை இல்லை, உள்பக்கம் விரல் நுழையும் சந்து. ஒரு விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது குனிந்த இடத்தில் மட்டும் வாடை அடித்தது. அந்த உயரத்தில்தான் பையனின் படுக்கை. சுவிட்ச் எதையும் தொடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் ஓடினோம். கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906, போனில் சேமித்து வையுங்கள். அழைப்பதாக இருந்தாலும் வண்டியை விட்டு வெளியே வந்த பிறகு அழையுங்கள்.

ஓணத்துக்கு முன்னால் அடுத்த தோப்புக்கு மாறும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் நிறுத்தினார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-இல் மோட்டார் வாகனம் என்றால் டிரெய்லரும் சேர்த்திதான், பதிவு வேண்டும் என்று அவர்தான் பொறுமையாக விளக்கினார். பதிவுக்குப் போனால் விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரித்தவர் தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 எங்கே என்கிறார்கள். பட்டறைக்காரரால் இரண்டையும் தர முடியாது, முறையாக அனுமதி வாங்கித் தயாரித்தவர்தான் தர முடியும். முன்பணம் கொடுக்கும் முன்பே இந்த இரண்டையும் கேளுங்கள், பேச்சு தடுமாறினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

பட்டறைக்குப் போன் செய்தால் முதலில் "பாக்கறேன்" என்றார், பிறகு "நீங்க ஓட்டுன விதம் சரியில்ல" என்றார், பிறகு எடுக்கவே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தோம், பலனில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஊர் ஊராகப் போகிறவர்கள் ரேஷன் கார்டு முகவரியை ரத்து செய்துவிடாதீர்கள், எங்களுக்குப் பொள்ளாச்சி முகவரிதான் கைகொடுத்தது. எங்கள் பலவீனம், இரண்டரை லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்ததும் வெள்ளைத்தாள் பில்லுக்குச் சம்மதித்ததும். பலம், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை நான் அழிக்காமல் வைத்திருந்தது. 1,100 கிலோ, மரைன் பிளை, ஆர்.சி. வேண்டாம், எல்லாம் அவர் குரலிலேயே இருக்கிறது.

டிரெய்லர் இப்போது ஒரே தோப்பில் நிற்கிறது, சுவரும் வயரும் மாற்றிவிட்டோம், கேஸ் அடுப்பை வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டோம். என் வீட்டுக்காரர் வேலைக்குப் பைக்கில் தினம் நாற்பது கிலோமீட்டர் போய் வருகிறார். பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது, எனக்கும்தான், அதனால்தான் கோபம் அடங்கவில்லை.

போன வாரம் அந்தப் பட்டறை வழியாகப் போன உறவினர் ஒருவர் போட்டோ அனுப்பினார். உள்ளே வெள்ளைப் பெயின்ட் அடித்து இன்னொரு டிரெய்லர் நிற்கிறது, ஜன்னலில் குழந்தைப் படம் போட்ட திரை. அது உங்களுடையது என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.