மூணு வருஷமா என் டயர் பம்ப்: காத்து நல்லா அடிக்குது, கணக்குதான் உதைக்குது

போன வாரம் பம்போட ஹோஸ் முனையில இருக்கற ரப்பர் வாஷர் தேஞ்சு புஸ்ஸுனு கசிய ஆரம்பிச்சுது, புதுசு மாத்திட்டேன், பத்து நிமிஷ வேலை. அதைப் பாத்துட்டு ஃப்ரெண்ட் ஒருத்தன் "இது எப்படிடா, வாங்கலாமா"ன்னு கேட்டான். அவனுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொன்னதுல பாதி திட்டுதான், அதான் இங்க கொஞ்சம் நிதானமா எழுதறேன்.

மோட்டார் சூப்பர். பேட்டரி இன்னும் நாலு டயருக்கும் தாங்குது. செட் பண்ண அளவு வந்ததும் தானா நிக்குது, தனி கேஜ் வெச்சு செக் பண்ணா பெருசா வித்தியாசம் இல்ல.

பிரச்சனை காத்தழுத்தத்தை எந்த அளவுல காட்டணும்னு மாத்தற அந்த யூனிட் பட்டன். கார் கதவு ஸ்டிக்கர்ல 230 கிலோபாஸ்கல்னு இருக்கு, ஆனா இந்த சனியன் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கேஜி பர் ஸ்கொயர் சென்டிமீட்டர்லதான் கண்ணு முழிக்கும். சரி மாத்திக்கலாம்னு 230 செட் பண்ணிட்டு கை தவறி பட்டனை ஒரு அமுக்கு கூட அமுக்கிட்டா முழு ரவுண்டு போய்த்தான் திரும்பணும். பிஎஸ்ஐ 33.5, பார் 2.3, கேஜி 2.3, மறுபடி கிலோபாஸ்கல்... 225! 5 எங்கடா போச்சு? இன்னொரு ரவுண்டு சுத்தினேன், 215.

உக்காந்து கணக்கு போட்டப்பதான் புரிஞ்சுது. கிலோபாஸ்கலும் பாரும் சண்டையே போடாது, 100 கிலோபாஸ்கல் ஒரு பார், புள்ளியை நகத்தினா முடிஞ்சுது. கேஜிங்கறது ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஒரு கிலோ எடை அழுத்தறது, அதுக்குள்ளதான் புவியீர்ப்பு ஒளிஞ்சிருக்கு, அதனால 1 கேஜின்னா 98.0665 கிலோபாஸ்கல். 2.3 பாருக்கு நிஜமா 2.345 கேஜி வரணும், இது ஒரு தசமம்தான் காட்டும், சரி காட்டிட்டுப் போகட்டும், ஆனா அடுத்த யூனிட்டுக்கு அந்த வெட்டின 2.3-ஐ எடுத்துத்தான் பெருக்குது, 225.6 வருது, அதையும் அஞ்சஞ்சா வெட்டி 225ன்னு நிறுத்துது. உள்ள ஒரிஜினல் நம்பரை அப்படியே வெச்சுட்டு ஸ்க்ரீன்ல மட்டும் மாத்திக் காட்டியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

நியாயமா சொல்லணும்னா டயர் சூடு 10 டிகிரி ஏறி இறங்கினாலே கிட்டத்தட்ட 10 கிலோபாஸ்கல் மாறும், அதுக்கு முன்னாடி இந்த 5 ஒண்ணுமே இல்லதான். ஆனா வெயிலை யாரும் குத்தம் சொல்ல முடியாது, இது ஒருத்தன் பண்ண சோம்பேறித்தனம்!

இப்ப நான் பட்டன் பக்கம் விரலே வைக்கறதில்ல. கேஜியிலயே 2.3-ல நின்னதும் இன்னும் ரெண்டு மூணு செகண்ட் கையால ஓட்டி, கேஜ் வெச்சுப் பாத்துக்கறேன்.

அவன்கிட்ட வாங்காதடான்னு சொல்லிட்டேன். அப்ப உன்னோடதை ஒரு வாரம் குடுன்னான். அதெல்லாம் முடியாதுன்னுட்டேன்.