பேஸி குழுவின் இரு குரல்கள்: ஜிம்மி ரஷ்ஷிங், ஜோ வில்லியம்ஸ்

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் இசைக்குழுவில் 1930களின் நடுவிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேல் பாடிய ஜிம்மி ரஷ்ஷிங், 1954இல் அங்கே சேர்ந்த ஜோ வில்லியம்ஸ் ஆகிய இருவரில் என் மனம் முதலில் நாடுவது ரஷ்ஷிங்கைத்தான். அவருடையது உயர்ந்த சுருதியில் கணீரென்று ஒலிக்கும் குரல். ஓக்லஹோமா நகரில் அதைக் கேட்டு வளர்ந்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன், நடனக் கூடத்தையும் தாண்டி அது வெளியே கேட்டதாக எழுதியிருக்கிறார். 1938இல் பதிவான ‘சென்ட் ஃபார் யூ யெஸ்டர்டே’ பாடலில், பித்தளைக் கருவிகள் முழங்கும்போதும் அவர் குரலை இறுக்குவதில்லை; துயரத்தைச் சொல்லும் வரியிலும் ஒரு குறும்பு எட்டிப் பார்க்கிறது.

வில்லியம்ஸின் குரலோ ஆழமானது, மெருகேறியது. எர்னி வில்கின்ஸ் இசைக்கோவை செய்து 1955இல் வெளிவந்த ‘எவ்ரி டே ஐ ஹேவ் த ப்ளூஸ்’ பாடலில் ஒவ்வொரு சொல்லும் துலக்கமாக விழுகிறது. ஒலிவாங்கியின் அருகே நின்று தாழ்ந்த குரலில் பேசுவதுபோல் தொடங்கி, குழு பொங்கும்போது தானும் உயர்கிறார். மென்மையான காதல் பாடல்களில் வில்லியம்ஸே மேலானவர் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த, துயரம் தோய்ந்த பாடல் வகையான ப்ளூஸ் என்று வந்துவிட்டால், அந்த மெருகு சற்றே அதிகமோ என்று எனக்குத் தோன்றுகிறது.